மூடிக்கு உள்ளே ஒரு பொட்டு

வடக்கேயிருந்து வந்த மின்னஞ்சலைக் குழந்தைவேலு சத்தமாகப் படித்ததும் ஆய்வுக்கூடமே சிரித்தது. வஞ்சிக்கொடியும் சிரித்தாள். பின்னே? நேற்று முளைத்த ஓர் ஆய்வகம், அவள் பத்து வருடமாகக் கட்டி வளர்த்த மின்சுற்றைப் பார்த்து, "உங்கள் செந்நீர் எங்கள் சுற்றில் ஆக்சிஜனை விட மறுக்கிறது. உங்கள் கருவியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்" என்று எழுதினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டானுக," என்றார் குழந்தைவேலு. கோயம்புத்தூரில் பம்பு செட்டு செய்து பெரிய ஆளாகி, பிறகு செயற்கை ரத்தம் செய்ய இறங்கியவர். நிறுவனம் அவருடையது, சுற்று வஞ்சியுடையது. அப்படித்தான் ஊரில் பேச்சு.

"பதில் போட்டுடட்டுங்களா?"

"ஆயுத பூஜை முடியட்டும்மா. நல்ல நாள் அதுவுமா எதுக்கு வம்பு?"

வஞ்சி அதோடு அதை மறந்துவிட்டாள். அவள் சுற்றை உலகமே நம்பியது. நம்பியது என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை, சட்டமே போட்டுவிட்டார்கள். புதிய மருந்தை எலிக்குக் கொடு, குரங்குக்குக் கொடு என்று வருடக்கணக்கில் அலைந்த காலம் மலையேறிப் போயிருந்தது. மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீகடத்திச் சுற்று ஒன்றில் மருந்தின் மூலக்கூறை நடத்திப் பார்த்து, பொறுப்பாளர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால் போதும். அதற்குப் பெயர் சுற்றுச் சான்று. செந்நீர் என்ற செயற்கை ரத்தத்துக்குச் சான்று தந்த கையெழுத்து வஞ்சியுடையது. அந்தத் திங்கட்கிழமை அதை முதன்முதலாக ஒரு மனித உடம்பில் ஏற்றப் போகிறார்கள்.

அந்த உடம்பு சாதிக்குடையது.

சாதிக் வேறு யாருமில்லை, அதே கூடத்தின் குளிர்க்கலன் பொறியாளர். சுற்று வேலை செய்ய வேண்டுமானால் விண்வெளியைவிடக் குளிரான இடம் வேண்டும். அந்தக் குளிரை உண்டாக்கிக் கட்டிக் காத்தவர் அவர்தான். பிறவியிலேயே தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் நடமாட்டம். முப்பத்தைந்து வருடம் ஊரார் ரத்தத்தில் ஓடிய உடம்பு, இப்போது ஊரார் ரத்தத்தையே எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எந்த ரத்தமும் சேரவில்லை. இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிதான் வீடு. செந்நீர் வந்தால் பிழைப்பார், இல்லையென்றால் இல்லை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, அவருக்கே தெரியும்.

ஞாயிறு மதியம் வஞ்சி பார்க்கப் போனபோது, அவர் மனைவி ரஹீமா கட்டிலருகே ஆரஞ்சுச் சுளையில் விதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் சாதிக். முகம் எலுமிச்சை நிறத்தில் இருந்தது, குரலில் மட்டும் பழைய நக்கல். "என் மெசினு எப்படி இருக்குது? நானில்லாம அழுவுதா?"

"உங்க மெசினுக்கு நாளைக்கு வருசாந்திர சர்வீஸ். நேத்தே சூடேத்திட்டோம். நானே தொறக்கப் போறேன்."

"நீங்களா? மர ஆணி எது, இரும்பாணி எதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

ரஹீமா சிரித்தாள். பிறகு சுளையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்காம இவருக்கு ஏத்தறீங்க. அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"ஒரு கல்யாண மண்டபம் இருக்குது," என்றாள் வஞ்சி.

"ம்ம்?"

"மண்டபம் நெறைய சொந்தக்காரங்க, அங்கயும் இங்கயும் போயிட்டு இருக்காங்க. திடீர்னு வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தன் நடுவுல வந்து நிக்கறான். என்ன நடக்கும்?"

"அவனச் சுத்தி மொய்ச்சுக்குவாங்க."

"அதேதான். ரத்தத்துல இருக்கற இரும்பு அணு அந்த மாப்பிள்ளை. சுத்தி ஓடற எலெக்ட்ரான்தான் சொந்தக்காரங்க. எங்க பாடப் புஸ்தகத்துல அந்த மாப்பிள்ளைய 'மாசு'ன்னு எழுதி வெச்சிருக்காங்க, பாவம். கூட்டம் எவ்வளவு நெருக்கமா மொய்க்குதோ, அத வெச்சுத்தான் அந்த இரும்பு ஆக்சிஜனப் புடிக்கறதும் விடறதும். இதக் கணக்குப் போட்டுக் கண்டுபுடிக்க உலகத்துல எந்தக் கம்ப்யூட்டராலயும் ஆகல. அதனால நாங்க கணக்கே போடறதில்ல. மீகடத்தில ஒரு குட்டி வளையம் செஞ்சோம், அது மாப்பிள்ளை. ஆயிரக்கணக்கான குட்டிச் சந்திகளைச் சங்கிலியாக் கோத்தோம், அது சொந்தபந்தம். ரெண்டையும் சேத்துக் குளிர வெச்சா, இரும்பு என்ன பண்ணுமோ அதையே அதுவும் பண்ணிக் காட்டிடும்."

"நடிச்சுக் காட்டுதுங்கறீங்க."

"நடிப்பில்ல ரஹீமா, அதுவாவே வாழ்ந்து காட்டுது. இதுவரைக்கும் ஒருதரம்கூடத் தப்பினதில்ல."

இதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு அது முன்கூட்டியா தெரியும்?

*

திங்கள் காலை ஆயுத பூஜை. கூடத்தில் பம்புகளுக்கும் கணினிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காயும் தயாராக வைத்திருந்தார்கள். வருடத்தில் அந்த வாரம் மட்டும்தான் குளிர்க்கலனைச் சூடேற்றித் திறப்பார்கள். ஓடும் இயந்திரத்துக்கு ஒருநாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். அதையே இங்கேயும் பிடித்துக்கொண்டார்கள்.

வஞ்சி உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நடுவில் தொங்கிய செம்புப் பெட்டியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை அகலம்தான். இதற்குள்தான் மண்டபம். திருகாணிகளை எடுத்து மூடியைத் திருப்பினாள்.

மூடியின் உட்புறத்தில், சுற்றுக்கு நேர் மேலே, துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு.

வஞ்சி மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். குங்குமம். அதுவும் போன வருடத்துக் குங்குமம், காய்ந்து செம்போடு ஒட்டிப் போயிருந்தது. போன ஆயுத பூஜைக்கு மறுவாரம்தான் செந்நீரைச் சுற்றில் ஓட்டினார்கள். அப்போது வந்த பதிலுக்குத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை வைத்து நகர்த்தினாள். சிவப்புப் பொடியில் பாதி, காந்தம் போன பக்கமெல்லாம் கூடவே ஊர்ந்தது.

பொட்டை மறுபடி பார்த்தாள். அதில் விரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு யாருடைய ஆள்காட்டி விரலில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். செம்புத் தகட்டில் அறுபட்ட அன்று கட்டுப் போட்டதே அவள்தான்.

'அட பாவி மனுசா!' என்று மனசு கத்தியது. மூடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு குழந்தைவேலுவிடம் ஓடினாள்.

"நிறுத்துங்க. சாயங்காலம் ஏத்தக் கூடாது."

அவர் மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒரு பொட்டுக்காகவா? ஏம்மா வஞ்சி, சாமி சமாச்சாரம், அது என்னம்மா பண்ணும்?"

"சாமிய நான் ஒண்ணும் சொல்லலீங்க. செவப்பா இருக்கட்டும்னு குங்குமத்துல இரும்புத் துருவக் கலக்கறான் பாருங்க, அவனத்தான் சொல்றேன். காந்தம் மாதிரி ஒரு சாமான் சுத்துக்கு நேர் மேல ஒரு வருசமா உக்காந்திருக்குது. மண்டபத்துல இன்னொரு மாப்பிள்ளை இருந்திருக்கான், நமக்குத் தெரியாம."

"அங்க சாதிக் மூச்சுக்குத் திணறிட்டுக் கெடக்கறான். டாக்டருக தயாரா நிக்கறாங்க. இப்பப் போய் வேண்டாங்கறதா? நீதானம்மா கையெழுத்துப் போட்ட!"

"அதனாலதான் நான் சொல்றேன். அந்தச் செந்நீர்ல ஒரு டம்ளர் குடுங்க. சோதனைக் கூடத்துச் சாவியும் வேணும்."

குழந்தைவேலு தலையைச் சொறிந்தார். "சோதனைக் கூடம்... அதத்தான் கேன்டீன் ஆக்கிட்டமே."

சுற்றுச் சான்று வந்த பிறகு சோதனைக் கூடம் எதற்கு? அங்கே இப்போது உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட மிச்சமில்லை. வஞ்சி இரண்டு டீ கிளாஸ்களை எடுத்துக் கழுவினாள். ஒன்றில் செந்நீரை ஊற்றினாள். முதலுதவி அறை நர்ஸைக் கூப்பிட்டுத் தன் கையை நீட்டி, தன் ரத்தத்தை எடுத்து இன்னொன்றில் ஊற்றச் சொன்னாள். உறையாமலிருக்க நர்ஸ் மருந்து ஒரு சொட்டு விட்டாள். செந்நீர் பளிச்சென்றிருந்தது, அவள் ரத்தம் சற்று மங்கல். இரண்டையும் காற்றுப் படும்படி நன்றாக ஆட்டியபிறகு எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இரண்டுமே செக்கச் செவேலென்று, பார்க்கவே அழகாக இருந்தன.

குளிர்க்கலனின் பம்பு இருக்கவே இருக்கிறது. கிளாஸ்களைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து மூடிக் காற்றை உறிஞ்ச விட்டாள்.

"ஆக்சிஜன் போனா ரத்தம் கறுத்துப் போகும். உடம்புக்குள்ளயும் அதான் நடக்குது. கொண்டு போறது மட்டும் வேலையில்லீங்க, எறக்கி வைக்கறதும்தான் வேலை."

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வஞ்சியின் ரத்தம் நுரைத்தது, மங்கியது, நாவல்பழ நிறத்துக்கு வந்தது. பக்கத்து கிளாஸில் செந்நீர் அப்படியே இருந்தது. பம்பு எவ்வளவு இழுத்தும் அதே சிவப்பு. பிடித்த ஆக்சிஜனை அது விடவேயில்லை.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை, சிவந்ததெல்லாம் ரத்தமும் இல்லை. ஒரு டீ கிளாஸில் தெரிந்துவிடுகிற விஷயம். அந்தச் செந்நீரைத் தயாரித்து மாதக்கணக்காகிறது. இத்தனை நாளில் ஒருத்தருக்குக்கூட ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

குழந்தைவேலு பொத்தென்று வடைத் தட்டுகள் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "அய்யோ சாமி... இதையா அவனுக்கு ஏத்த இருந்தோம்? செவசெவன்னு இருப்பான், உள்ளுக்குள்ள மூச்சு முட்டிச் செத்திருப்பானேம்மா!"

*

ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொல்ல வஞ்சியே போனாள். பொட்டு என்று மட்டும் சொன்னாள், யார் வைத்தது என்று சொல்லவில்லை.

ரஹீமா எழுந்து நின்றுகொண்டாள். "நேத்துத்தானக்கா சொன்னீங்க, ஒருதரம்கூடத் தப்பினதில்லன்னு? நான் புள்ளைகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அத்தா வீட்டுக்கு வந்துடுவாருன்னு. நம்பிக்கையக் குடுத்ததும் நீங்க, புடுங்கறதும் நீங்களா?"

வஞ்சிக்கு அழுகை வந்தது, அழுதாள். படித்தவள், பெரிய பொறுப்பில் இருப்பவள் என்றெல்லாம் பார்த்தால் அழுகை நிற்குமா என்ன?

சாதிக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு, "ரஹீமா, உக்காரு. அவங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் நீ வெள்ளைத் துணி தேடிட்டு இருந்திருப்ப," என்றார். வஞ்சியின் பக்கம் திரும்பினார். "அப்ப போன வருசம் நம்ம சுத்து பொய் சொல்லிருச்சுங்களா?"

"சுத்து பொய் சொல்லாதுங்க," என்றாள் வஞ்சி, பழக்க தோஷத்தில்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்து ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"என்னாச்சு?"

"சுத்து பொய் சொல்லல. நான் கேட்டது ஒண்ணு, அதுக்குக் கேட்டது வேற. ஒரு மாப்பிள்ளை நின்னா என்ன ஆகும்னு கேட்டதா நான் நெனச்சுட்டு இருந்தேன். மண்டபத்துல இருந்ததோ ரெண்டு பேரு. பாதிக் கூட்டம் ரெண்டாவது ஆளுகிட்டப் போயிருச்சு, மொதல் ஆளச் சுத்தி நெரிசல் கொறஞ்சுது, அவன் கையில இருந்தத எறக்கி வெச்சான். உண்மையத்தான் சொல்லியிருக்குது! இரும்புக்குப் பக்கத்துல இன்னொரு அணு இருந்தா செந்நீர் ஆக்சிஜன விடும்னு ஒரு வருசமா அது கத்திட்டு இருக்குது, நமக்குத்தான் காது கேக்கல."

ரஹீமா அவளை முறைத்தாள். "அப்ப அந்த இன்னொண்ணையும் வெச்சுத் தர முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க."

"முடியும்," என்றாள் வஞ்சி. "ஆனா இந்தத் தடவ டீ கிளாஸ்ல ஊத்திப் பாத்துட்டு, எலிக்கும் குடுத்துப் பாத்துட்டுத்தான் உங்க வீட்டுக்காரருக்கு."

சொன்னதைச் செய்தாள். மூடியைத் துடைத்துச் சுத்தமாக ஓட்டியபோது, வடக்கு ஆய்வகம் சொன்ன பதில் அச்சு மாறாமல் வந்தது. அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். சிரித்ததையும் சேர்த்துத்தான் எழுதினாள். பிறகு சுற்றில் வேண்டுமென்றே இரண்டாவது வளையம் ஒன்றைச் செதுக்கி, எவ்வளவு தூரத்தில் வைத்தால் எவ்வளவு கூட்டம் பிரிகிறது என்று பார்த்தாள். வேதியியல்காரர்கள் அந்த அளவுப்படி இரும்புக்குப் பக்கத்தில் ஒரு கோபால்ட் அணுவைப் பொருத்தினார்கள். காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. கூடத்தில் எல்லோரும் 'பொட்டு' என்றே சொன்னார்கள்.

கேன்டீன் வராந்தாவுக்குப் போனது, சோதனைக் கூடம் திரும்பி வந்தது. அந்த மாதங்களைச் சாதிக் எப்படித் தாண்டினார் என்பது தனிக் கதை. ஈரோட்டிலிருந்து ஒரு பை, கோழிக்கோட்டிலிருந்து ஒரு பை என்று கொஞ்சமாவது சேரும் ரத்தத்தை ரஹீமா தேடித் தேடிக் கொண்டுவந்தாள். அவள் போன் செய்யாத ரத்த வங்கி தென்னிந்தியாவில் இருந்திருக்காது.

நடுவில் அரசாங்க விசாரணை வந்தது. மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பெட்டிக்குள் அந்தப் பொட்டை வைத்தது யார்?

வஞ்சிக்கு யோசிக்க நேரம் வேண்டியிருக்கவில்லை. மருந்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளப் போகிறவரே சுற்றைக் கெடுத்தவர் என்று தெரிந்தால், விதிப்படி மருந்து ஏற்றுவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு புதுச் செந்நீர் வந்தென்ன, வராமலென்ன?

"நான்தான் வெச்சேன்," என்றாள். "எல்லா மெசினுக்கும் வைக்கற மாதிரி வெச்சுட்டேன்."

"பட்டம் வாங்கின விஞ்ஞானியா இப்படிப் பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"பண்ணிட்டேனுங்க."

இனி எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவளுக்கு ஆயுள் தடை விதித்தார்கள். அதோடு, சுற்று சொன்னால் மட்டும் போதாது, கண்ணாடியிலும் உயிரிலும் பார்த்த பிறகே மனிதருக்கு என்று சட்டத்தையும் திருத்தினார்கள். முதல் செய்தி அவளுக்கு வலித்தது, இரண்டாவதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

*

அடுத்த ஆயுத பூஜைக்குச் சாதிக் தானே பைக் ஓட்டிக்கொண்டு வந்தார். எலுமிச்சை நிறமெல்லாம் போயிருந்தது. பின்னால் ரஹீமா, கையில் ஒரு தூக்குப் பிரியாணி. எலிகள் பிழைத்தன, டீ கிளாஸ் கறுத்தது, புதுச் செந்நீர் அவர் உடம்பில் ஏறி நாலு மாதமாகியிருந்தது.

கூடத்துக்குள் குங்குமம் கொண்டுபோகக் கூடாது என்று இப்போது கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அதனால் பூஜை வாசலோடு நின்றது. குழந்தைவேலு பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். வஞ்சி தட்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள்.

சாதிக் அவள் பக்கத்தில் வந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே தன் குளிர்க்கலனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா. நீங்க எப்பவும் வெளிய இருக்கற உறைக்குத்தான் பொட்டு வெப்பீங்க."

"ஆமா."

"எனக்கு அது பொறுக்கல. வேலை செய்யறது உள்ள இருக்கறது, பொட்டு மட்டும் வெளிய இருக்கறவனுக்கான்னு தோணுச்சு. மெசினுக்கு என்னங்க சாதி, மதம்? என் பொழப்பே அதுலதான். அன்னிக்கு மூடி போடறப்ப..." அவர் விரலால் காற்றில் பொட்டு வைத்துக் காட்டினார். "விசாரணையில நீங்க சொன்னது எனக்குப் போன வாரம்தான் தெரியும். ஏன் சொன்னீங்க?"

வஞ்சி அவருடைய வலது கையைக் கண்ணால் காட்டினாள். "அந்தத் தழும்புக்குக் கட்டுப் போட்டதே நான்தானே. மூடியத் திருப்பின அன்னைக்கே தெரியும்."

சாதிக் விரலைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஹீமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தூக்கை வஞ்சியின் கையில் கொடுத்தாள்.

"என்ன அண்ணா, அழுதுட்டு நிக்கறீங்க?" என்றபடி வேதியியல் பிரிவுப் பெண் ஒருத்தி வஞ்சியிடமிருந்து குங்குமத் தட்டை வாங்கி ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். சாதிக்கிடம் வந்ததும் தயங்கி, பேச்சுக்கு, "உங்களுக்கு?" என்றாள்.

சாதிக் சிரித்துக்கொண்டே தன் முழங்கை மடிப்பில், ஊசி ஏறிய இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"எனக்கு எதுக்கு கண்ணு? உள்ள ஓடறது பூராவும் பொட்டுத்தான்."